பாரீஸில் கற்ற உடற்கூறு, இந்தியாவில் கண்ட மனிதர்கள்: ஓவியர் அம்ரிதா ஷெர்கில் வாழ்க்கை

புது தில்லி: தலைநகரில் இந்தியா கேட்டை ஒட்டியுள்ள ஜெய்ப்பூர் இல்லத்தில் இயங்கி வருகிறது தேசிய நவீன கலைக்கூடம். அதன் சேகரிப்பில் உள்ள ஓவியங்களில் ஏறத்தாழ நூறு, இருபத்தெட்டே வயதில் மறைந்துவிட்ட ஒரு பெண்ணின் கைவண்ணம். அவர் அம்ரிதா ஷெர்கில். லோதி தோட்டத்துக்கு அருகே அவர் பெயரில் ஒரு சாலையும் இருக்கிறது. தலைநகரில் செல்வந்தர்கள் வசிக்கும் பகுதிகளில் அதுவும் ஒன்று.

அம்ரிதாவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவரது அழகையும், காதல்களையும், மர்மம் சூழ்ந்த மரணத்தையுமே எழுதுகின்றனர். மனித உடலை வரையக் கற்பதற்காக அவர் செலவிட்ட ஆண்டுகள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எலும்பும் தசையும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று கற்றுத் தேர்ந்த பிறகு, அந்தக் கல்வியை இந்திய மண்ணில் என்ன செய்வது என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. அன்றைய இந்தியாவில் அது கலையைப் பற்றிய கேள்வியாக மட்டும் இருக்கவில்லை. அரசியல் கேள்வியாகவும் இருந்தது.

மருத்துவர் தொடங்கிய ஓவியப் பள்ளி

இந்தியாவில் ஆங்கிலேயர் நிறுவிய ஓவியப் பள்ளிகளில் முன்னோடியாகத் திகழ்வது சென்னைப் பள்ளி. 1850-ல் அதைத் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர். இன்று சென்னையில் அரசு கவின்கலைக் கல்லூரியாக இருப்பது அதுவே. அதன்பின் கல்கத்தாவிலும் பம்பாயிலும் பள்ளிகள் தோன்றின. கிரேக்க, ரோமானியச் சிலைகளின் சுண்ணாம்பு வார்ப்புகள் கப்பலில் வந்து இறங்கின. அவற்றைப் பார்த்து நிழலும் ஒளியுமாக வரைவதே மாணவர்களுக்கு முதல் பாடம். சரியான மனித உடல் என்பது ஏதென்ஸ் நகரத்து ஆணின் உடல் என்று சொல்லாமலே சொல்லிக்கொடுத்த பாடம் அது.

சுதேசி இயக்கம் வலுத்தபோது இந்தப் பாடத்துக்கு எதிர்ப்பு எழுந்தது. சென்னைப் பள்ளிக்கு 1884-ல் தலைவராக வந்து, 1896-ல் கல்கத்தாப் பள்ளிக்குச் சென்றவர் இ.பி.ஹேவல். ஆங்கிலேயரான அவரே, ஐரோப்பியப் படைப்புகளைப் பள்ளியிலிருந்து அகற்ற முற்பட்டார். மாணவர்கள் அதை எதிர்த்தனர். உயர்ந்த கல்வி தங்களுக்கு மறுக்கப்படுவதாக அவர்கள் கருதினர் என்பது வரலாற்றின் விநோதம்.

ஹேவலுடன் இணைந்து நின்ற அவனீந்திரநாத் தாகூர், இந்தியக் கலையின் உடற்கூறு குறித்து 1914-ல் ஒரு நூலே வெளியிட்டார். எலும்புக்கூட்டை அளந்து உடலை வரைவதைவிட இயற்கையின் வடிவங்களைக் கொண்டு வரைவதே நம் மரபு என்பது அவரது வாதம். முகம் முட்டை வடிவம், தோள் யானையின் தலை, முன்கை இளம் வாழைத்தண்டு, இடை உடுக்கை. துடியிடை என்று இலக்கியத்தில் படித்துப் பழகிய தமிழருக்கு இந்த உடற்கூறு புதிதன்று. முகத்தின் நீளத்தை ஒரு தாளமாகக் கொண்டு நவதாளம், தசதாளம் என உருவத்தை அளக்கும் முறை இன்றும் நம் ஸ்தபதிகளிடம் உயிரோடு இருக்கிறது.

ஆக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய ஓவியன் முன்பு இரண்டு முகாம்கள் இருந்தன. ஒன்று, அரசாங்கப் பள்ளியின் சுண்ணாம்புச் சிலை. மற்றொன்று, வங்கப் பள்ளியின் மெல்லிய, நீண்ட, கனவு போன்ற உருவங்கள். இந்த இரண்டிலும் சேராமல் வந்தவர் அம்ரிதா.

சிம்லாவில் முதல் பாடம்

1913 ஜனவரி 30-ம் தேதி ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்ட்டில் பிறந்தார் அம்ரிதா. தந்தை உம்ராவ் சிங் ஷெர்கில், பஞ்சாபின் மஜீத்தியா என்ற சீக்கிய நிலக்கிழார் குடும்பத்தவர்; சம்ஸ்கிருதமும் பாரசீகமும் கற்ற அறிஞர்; இந்தியாவின் முன்னோடிப் புகைப்படக் கலைஞர்களில் ஒருவர். தாய் மேரி அன்டாய்னெட் ஹங்கேரியைச் சேர்ந்தவர், இசை பயின்றவர். மகாராஜா ரஞ்சித் சிங்கின் பேத்தி இளவரசி பம்பாவுடன் லாகூருக்கு வந்தபோது உம்ராவ் சிங்கைச் சந்தித்தார். 1912-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது.

குடும்பத்துக்குள்ளேயே இரண்டு அரசியல்கள் இருந்தன. உம்ராவ் சிங், தேசிய உணர்வு கொண்டவர் என ஆங்கில அரசால் ஐயத்துடன் பார்க்கப்பட்டவர். அவரது தம்பி சர் சுந்தர் சிங் மஜீத்தியாவோ அரசுக்கு நெருக்கமானவர். 1937-ல் பஞ்சாபில் அமைந்த யூனியனிஸ்ட் அமைச்சரவையில் அமைச்சராகவும் இருந்தவர்.

முதல் உலகப் போர்க் காலம் முழுவதையும் ஹங்கேரியில் கழித்த குடும்பம், 1921-ல் இந்தியா வந்து சிம்லாவில் குடியேறியது. சிறுமி அம்ரிதா ஓயாமல் வரைந்துகொண்டிருந்தார். ஓவிய ஆசிரியர்கள் வீட்டுக்கு வந்து கற்பித்தனர். ஆனால் திருப்புமுனையாக அமைந்தவர் தாய்மாமன் எர்வின் பக்தாய். இந்தியவியல் அறிஞராகப் பின்னாளில் புகழ்பெற்ற அவர், இளமையில் ஓவியம் பயின்றவர். 1920-களின் பிற்பகுதியில் சிம்லா வந்தபோது, மருமகளின் படங்களில் கற்பனை மிகுதியாகவும் கவனிப்புக் குறைவாகவும் இருப்பதைக் கண்டார். கதைப் புத்தகப் படங்களை விட்டுவிட்டு, எதிரே இருக்கும் மனிதரைப் பார்த்து வரையுமாறு அவர் வழிகாட்டினார். வீட்டுப் பணியாளர்களே மாதிரிகளாக அமர்ந்தனர். உருவத்தின் வெளிக்கோட்டுக்கு முன்பாக அதன் கட்டமைப்பைப் பார்க்க வேண்டும் என்ற பாடம் அங்கே தொடங்கியது.

மகளின் திறமைக்குச் சிம்லா போதாது என்று பெற்றோர் முடிவு செய்தனர். 1929-ல் குடும்பமே பாரீஸுக்குப் புறப்பட்டது. அப்போது அம்ரிதாவுக்கு வயது 16.

கரித்துண்டும் தூக்குக்குண்டும்

பாரீஸில் முதலில் அவர் சேர்ந்தது கிராந்த் ஷோமியே என்ற கலைக்கூடம். அங்கு பியர் வையான் ஆசிரியராக இருந்தார். விரைவில் அரசு நுண்கலைப் பள்ளியான எகோல் தெ போசாரில், லூசியன் சிமோனின் பயிற்சிக்கூடத்தில் இடம் கிடைத்தது. 1934 வரை அங்கு பயின்றார்.

பாரீஸ் நுண்கலைக் கல்வியின் அடித்தளம் மனித உடல். சுண்ணாம்பு வார்ப்பு, எலும்புக்கூடு, தசைகளின் அமைப்பு, பிறகு ஆடையற்ற உயிருள்ள மாதிரி என்பது படிநிலை. மாதிரியாக நிற்பவர் ஒரு காலில் எடையைத் தாங்கும்போது, அந்தப் பக்கத்து இடுப்பு உயர்கிறது. அதே பக்கத்துத் தோள் தாழ்கிறது. முதுகெலும்பு அதற்கேற்ப வளைகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் வரைந்தால், எவ்வளவு நுணுக்கமாகத் தீட்டினாலும் உருவம் கீழே விழுவது போலவே தோன்றும். கழுத்துக் குழியிலிருந்து நேர்கோடு இறக்கினால் அது எந்தக் கணுக்காலில் முடிகிறது என்பதை மாணவர்கள் தூக்குக்குண்டு பிடித்துச் சரிபார்ப்பதுண்டு.

தசையும் கொழுப்பும் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் தோலுக்கு அடியில் எலும்பு நேரடியாகத் தென்படும் இடங்கள் எல்லோருக்கும் உண்டு. காறை எலும்பு, இடுப்பெலும்பின் விளிம்பு, முழங்கால் சில்லு, கணுக்கால் முட்டி ஆகியவை அவை. ஊர் தெரியாதவனுக்கு மைல் கற்கள் போல, ஓவியனுக்கு இவை வழிகாட்டுகின்றன. உடல் எவ்வளவு முறுக்கிக்கொண்டாலும் இந்தப் புள்ளிகளை இணைத்துப் பார்த்தால் அதன் கட்டமைப்பு பிடிபட்டுவிடும். சராசரி மனித உயரம் ஏழரைத் தலை அளவு என்று கற்பிக்கப்படுவதும் இவ்வாறான அடையாளங்களை ஒட்டித்தான்.

கரித்துண்டால் அம்ரிதா வரைந்த உடல் பயிற்சிப் படங்கள் இன்றும் எஞ்சியுள்ளன. அவற்றில் வளைவுகளைவிடத் தளங்களே முதலில் தெரிகின்றன. விலாவும் இடுப்பும் சந்திக்கும் இடம், தோள்பட்டை எலும்பின் சாய்வு, உட்கார்ந்திருப்பவரின் தொடை மீது வயிறு அழுந்தும் விதம் ஆகியவற்றைத் திரும்பத் திரும்பச் சோதித்திருக்கிறார்.

மூடியிருந்த கதவு

ஒரு பெண் இவ்வாறு உட்கார்ந்து ஆடையற்ற உடலை வரைவது, அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்புவரை பாரீஸிலேயே எளிதாக இருக்கவில்லை. எகோல் தெ போசாரின் கதவு பெண்களுக்குத் திறந்தது 1897-ல்தான். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகப் பெண்களுக்கு உயிருள்ள மாதிரியைக் கொண்டு வரையும் வகுப்பு மறுக்கப்பட்டிருந்தது. உடலை வரையத் தெரியாதவர் வரலாற்று ஓவியமோ புராண ஓவியமோ தீட்ட முடியாது. பூக்களும் பழக்கூடைகளும் குழந்தைகளின் முகங்களும் போதும் என்று பெண்கள் ஒதுக்கப்பட்டனர். பெண்களில் பெரிய ஓவியர்கள் குறைவு என்று பின்னர் அதையே காரணம் காட்டினர். கல்வியை மறுத்துவிட்டு, கல்லாமையைக் குறையாகச் சொல்லும் இந்த வழக்கம் நம் நாட்டுக்கும் அந்நியமன்று.

தனக்குக் கிடைத்த வாய்ப்பை அம்ரிதா முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டார். 1932-ல் தீட்டிய இளம்பெண்கள் என்ற ஓவியம், தங்கை இந்திராவையும் ஒரு பிரெஞ்சுத் தோழியையும் மாதிரிகளாகக் கொண்டது. 1933-ல் பாரீஸின் கிராந்த் சலோன் கண்காட்சியில் அது தங்கப் பதக்கம் பெற்றது. அமைப்பின் இணை உறுப்பினர் தகுதியும் அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 20.

ஆனால் அந்தக் காலத்துப் படைப்புகளில் அவரது எதிர்காலத்தைச் சுட்டுவது வேறொன்று. 1933-ல் தீட்டிய தொழில்முறை மாதிரி என்ற ஓவியம், கலைக்கூடங்களில் காசுக்கு நின்று, அமர்ந்து வாழும் ஒரு பெண்ணைக் காட்டுகிறது. உடல் தளர்ந்திருக்கிறது, தோள்கள் சரிந்திருக்கின்றன, கண்களில் களைப்பு. பள்ளியின் பார்வையில் மாதிரி என்பவர் தசைகளைக் காட்டும் கருவி. அம்ரிதாவின் பார்வையில் அவர் பிழைப்புக்காக உடலை வாடகைக்கு விட்ட தொழிலாளி. உடற்கூறு கற்பித்த பார்வையே, அந்த உடல் பட்ட பாட்டையும் அவருக்குக் காட்டியது எனலாம்.

பாரத மாதாவும் மதர் இந்தியாவும்

1934 இறுதியில் இந்தியா திரும்பினார். ஐரோப்பாவில் புகழ் கிட்டத் தொடங்கிய நேரத்தில், ஓவியச் சந்தையே இல்லாத நாட்டுக்குத் திரும்புவதை நண்பர்கள் சிலர் விரும்பவில்லை. ஓவியராகத் தனது இடம் இந்தியாவே என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

இங்கு வந்ததும் அவரது கை தயங்கவில்லை, ஆனால் மாறியது. பாரீஸில் கற்ற ஒளி, நிழல், தசை மடிப்பு ஆகியவை படிப்படியாகக் குறைந்தன. உருவங்கள் எளிமையாயின. 1935-ல் வரைந்த மூன்று பெண்கள் ஓவியத்தில் கைகளும் தோள்களும் பெரிய தளங்களாகவே இருக்கின்றன. எனினும், அமர்ந்திருக்கும் அந்தப் பெண்களின் எடையை நம்மால் உணர முடிகிறது. ஒரு கோட்டை நீக்கினாலும் உருவம் சரியாமல் நிற்க வேண்டுமானால், எந்தக் கோட்டை நீக்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். வங்கப் பள்ளியைப் பின்பற்றிய பலரிடம் இல்லாத வலு அம்ரிதாவிடம் இருந்ததற்கு இதுவே காரணம். அவர்களில் பலர் கற்காமலே விட்டதை, அவர் கற்ற பின் விட்டார்.

அதே 1935-ல் மதர் இந்தியா என்ற ஓவியத்தையும் தீட்டினார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, 1905-ல், அவனீந்திரநாத் தாகூர் பாரத மாதாவை நான்கு கரங்கள் கொண்ட துறவுத் தெய்வமாகப் படைத்திருந்தார். வங்கப் பிரிவினையை எதிர்த்த மக்களை அது எழுச்சி கொள்ளச் செய்தது. அம்ரிதாவின் இந்தியத் தாயோ, இரண்டு குழந்தைகளுடன் அமர்ந்திருக்கும் கறுத்த ஏழைப் பெண். அவளுக்கு இரண்டே கைகள். ஆயுதமும் இல்லை, அருள்பாலிப்பும் இல்லை. நாடு என்பது யாருடைய உடல் என்ற கேள்விக்கு இருவரும் அளித்த விடைகள் இவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன.

அன்றைய கலைச் சங்கங்கள் அவரை உடனே ஏற்கவில்லை. 1935-ல் சிம்லா நுண்கலைச் சங்கக் கண்காட்சிக்கு அனுப்பிய படங்களில் சில நிராகரிக்கப்பட்டன; ஏற்கப்பட்ட ஒன்றுக்குப் பரிசு அறிவிக்கப்பட்டது. தனது சிறந்த படைப்புகளை மறுத்துவிட்டுத் தரப்படும் பரிசு வேண்டாம் என அதைத் திருப்பி அனுப்பினார். 1937-ல் பம்பாய்க் கலைச் சங்கம் மூன்று பெண்கள் ஓவியத்துக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. அதே ஆண்டு நவம்பரில் லாகூரில் நடந்த தனிக் கண்காட்சி அவரது புகழை நிலைநாட்டியது.

குமரி முனையில்

1936 இறுதியில் அம்ரிதா தெற்கு நோக்கிப் பயணமானார். அஜந்தா, எல்லோரா வழியாகக் கொச்சி, திருவனந்தபுரம் சென்று கன்னியாகுமரியை அடைந்தார். அப்போது கன்னியாகுமரி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது; 1956 நவம்பர் 1-ம் தேதிதான் அப்பகுதி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அவர் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 1936 நவம்பர் 12-ம் தேதி, ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கோயில்களைத் திறந்துவிடும் பிரகடனம் திருவிதாங்கூரில் வெளியாகியிருந்தது.

அஜந்தாவில் அவர் கண்டது, அவர் தேடிக்கொண்டிருந்த விடை. குகைச் சுவர்களில் உள்ள உருவங்களில் தசைகள் எண்ணிக் காட்டப்படவில்லை. நிழல்கள் கணக்கிட்டுப் போடப்படவில்லை. ஆனால் அந்த உடல்கள் கனமானவை, உயிருள்ளவை, ஒன்றோடொன்று சாய்ந்து இடத்தை நிரப்புபவை. மரபு என்ற பெயரில் உடலை ஆவியாக்கிவிட வேண்டியதில்லை என்பதற்கு இரண்டாயிரம் ஆண்டுச் சான்றாக அது அவருக்குத் தோன்றியது. கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களும் அவரை ஈர்த்தன. அவற்றைப் பார்த்துப் படங்கள் வரைந்துகொண்டார்.

கன்னியாகுமரியில் பழம் விற்கும் பெண்களை ஓவியமாக்கினார். சிம்லா திரும்பிய பின் 1937-ல் மணப்பெண் அலங்காரம், பிரம்மச்சாரிகள், சந்தைக்குச் செல்லும் தென்னிந்திய கிராமத்தினர் ஆகிய மூன்று பெரிய ஓவியங்களைப் படைத்தார். தென்னிந்திய மூன்றன் தொகுதி எனப்படும் இவையே அவரது சிகரம் என்று கருதுவோர் பலர்.

பிரம்மச்சாரிகள் ஓவியத்தில் ஐந்து இளைஞர்கள் வெற்று மார்பும் வெள்ளை வேட்டியும் பூணூலுமாக அமர்ந்திருக்கின்றனர். பாரீஸ் பயிற்சிக்கூடத்தில் வரைந்திருந்தால் ஐந்து மார்புகளும் தசைப் பாடமாக ஆகியிருக்கும். இங்கு ஒவ்வோர் உடலும் ஒரே நிறத் தளமாக இருக்கிறது. ஆனால் தோளின் அகலமும் கழுத்தின் சாய்வும் ஆளுக்கு ஆள் வேறு. சந்தைக்குச் செல்வோர் ஓவியத்தில் கறுத்த மேனிகளே ஓவியத்தின் பெரும்பரப்பு. ராஜா ரவிவர்மாவின் அச்சுப் படங்கள் வழியாக வெளுத்த மேனித் தெய்வங்களையும் சீமாட்டிகளையும் கண்டு பழகியிருந்த ஒரு நாட்டில், கறுப்பு நிறத்தை அழகின் மையத்தில் வைத்த துணிவு அது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சிம்லா மாளிகையில் வாழ்ந்த ஒரு நிலக்கிழார் குடும்பத்துப் பெண், ஏழைகளின் சோகத்தை அழகாக்கிக் காட்டிவிட்டுப் போனார் என்ற விமர்சனம் அன்றும் இருந்தது, பின்னரும் தொடர்ந்தது. அவரது மனிதர்கள் வேலை செய்வதைவிட மௌனமாக அமர்ந்திருப்பதே அதிகம். போராட்டத்தின் சாயல் அவர்களிடம் இல்லை. இந்த விமர்சனத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஆயினும் அதுவரை ஓவியத்தின் ஓரத்தில் குடம் சுமந்து நின்றவர்களை முழு ஓவியமாக ஆக்கியவர் அவர் என்பதும் மறுக்க முடியாதது.

எரிந்துபோன கடிதங்கள்

1937-ல் தில்லியில் அவரது ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது ஜவாஹர்லால் நேரு வந்து பார்த்தார். இருவரும் நண்பர்களாயினர். கடிதங்கள் பரிமாறப்பட்டன. அரசியலில் நேருவுக்கு இருந்த ஈடுபாட்டையும், கலையைப் பற்றி அவருக்கு இருந்த அக்கறையையும் அம்ரிதா மதித்தார். ஆயினும் நேருவை அவர் வரையவே இல்லை. நேரு எழுதியவற்றில் பலவும், அம்ரிதா 1938-ல் திருமணத்துக்காக ஹங்கேரி சென்றிருந்தபோது, பெற்றோர் எரித்த கடிதக் கட்டுகளில் சேர்ந்து அழிந்துபோயின.

அம்ரிதா மணந்துகொண்டது தாய்வழி உறவினரான மருத்துவர் விக்டர் ஏகானை. போர் நெருங்கிய நிலையில் 1939-ல் தம்பதியர் இந்தியா வந்து, உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் அருகே சராயாவில் குடியேறினர். அங்கு மஜீத்தியா குடும்பத்தின் சர்க்கரை ஆலை இருந்தது. விக்டர் மருத்துவம் பார்த்தார். அம்ரிதா கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே, யானைகளையும் கதை சொல்லும் முதியவரையும் மஞ்சள் அரைக்கும் பெண்களையும் வரைந்தார். முகலாய, பஹாடி சிற்றோவியங்களின் தாக்கத்தால் உருவங்கள் மேலும் சிறிதாயின. நிறங்கள் மேலும் ஒளிர்ந்தன.

1940-ல் அங்கு வரைந்த கட்டிலில் ஓய்வெடுக்கும் பெண் ஓவியம் தனித்துக் கவனிக்கத்தக்கது. பாரீஸில் மாணவியாக இருந்தபோது உறங்கும் பெண் ஒருத்தியின் ஆடையற்ற உடலை, ஒவ்வொரு வளைவிலும் ஒளி விழுமாறு வரைந்திருந்தார். சராயாவின் பெண்ணோ முழுதும் ஆடையணிந்திருக்கிறாள். சிவப்பு உடையில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து கிடக்கிறாள். அருகே ஒருத்தி விசிறிக்கொண்டிருக்கிறாள். எலும்போ தசையோ எங்கும் தெரியவில்லை. ஆனால் வெக்கையும், பொழுது போகாத நிலவுடைமைக் குடும்பத்துப் பெண்ணின் அலுப்பும் அந்த உடலின் கிடப்பிலேயே வெளிப்படுகின்றன. உடற்கூறு அங்கு ஆடைக்கு அடியில் இருந்து வேலை செய்கிறது.

லாகூரில் அணைந்த விளக்கு

1941-ல் தம்பதியர் லாகூருக்குக் குடிபெயர்ந்தனர். அங்கு பெரிய கண்காட்சி ஒன்றுக்கு ஏற்பாடாகியிருந்தது. திறப்பு விழாவுக்குச் சில நாள்கள் இருக்கும்போது அம்ரிதா திடீரென நோயுற்றார். டிசம்பர் 5-ம் தேதி நள்ளிரவு வாக்கில் உயிர் பிரிந்தது. காரணம் குறித்து அன்று எழுந்த ஐயங்கள் இன்றுவரை தீரவில்லை. ராவி நதிக்கரையில் தகனம் நடந்தது. அதே நாள்களில் ஹங்கேரி மீது பிரிட்டன் போர் அறிவிப்பு வெளியிட்டதால், எதிரி நாட்டவர் என்று விக்டர் கைது செய்யப்பட்டார். அம்ரிதா இல்லாமலே கண்காட்சி அந்த மாதத்தில் நடைபெற்றது. ஆறே ஆண்டுகளில் லாகூரே வேறு நாடாகிவிட்டது.

தலைநகரில் தேசிய நவீன கலைக்கூடம் 1954 மார்ச் 29-ம் தேதி திறக்கப்பட்டது. பிரதமர் நேரு முன்னிலையில் அதைத் திறந்துவைத்தவர் அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். குடும்பத்தினர் வழங்கிய அம்ரிதாவின் ஓவியங்கள் அதன் அடிப்படைச் சேகரிப்பாக அமைந்தன.

தமிழர்களுக்கு இந்தக் குடும்பத்துடன் இன்னொரு தொடர்பும் உண்டு. தூரிகைக்கு மாதிரியாகப் பலமுறை அமர்ந்த தங்கை இந்திரா மணந்துகொண்டது, ஐ.சி.எஸ். அதிகாரியும் தமிழருமான கே.வி.கே.சுந்தரத்தை. 1958 முதல் 1967 வரை நாட்டின் இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தவர் அவர். தமிழகத்தில் காங்கிரஸ் ஆட்சிக்கு முடிவு கட்டிய 1967 தேர்தல் அவரது பொறுப்பில்தான் நடந்தது என்பது குறிப்பிடத்தக்கது. அவர்களின் மகன் விவான் சுந்தரம் புகழ்பெற்ற கலைஞர். பெரியம்மாவின் கடிதங்களையும் எழுத்துகளையும் தொகுத்து 2010-ல் வெளியிட்ட அவர், 2023-ல் காலமானார்.

விலையும் மதிப்பும்

1972-ம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின் கீழ், அம்ரிதாவின் படைப்புகள் 1976-ல் தேசிய கலைச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டன. அவற்றை விற்பனைக்காக நாட்டை விட்டு வெளியே கொண்டு செல்ல இயலாது. ரவிவர்மா, ரவீந்திரநாத் தாகூர், நந்தலால் போஸ் உள்ளிட்ட ஒன்பது ஓவியர்களுக்கே இந்தத் தகுதி உண்டு. அவர்களில் பெண் இவர் ஒருவர் மட்டுமே.

2023 செப்டம்பரில் தில்லியில் நடந்த ஏலத்தில், அவர் 1937-ல் வரைந்த கதைசொல்லி ஓவியம் ரூ.61.8 கோடிக்கு விலைபோனது. இந்திய ஓவியம் ஒன்றுக்கு ஏலத்தில் அதுவரை கிடைத்த உச்ச விலை அது. 2025 மார்ச்சில் எம்.எஃப்.ஹுசைனின் ஓவியம் அந்தச் சாதனையை முறியடித்தது. உயிரோடு இருந்தபோது படங்களை விற்க அம்ரிதா ஊர் ஊராக அலைந்ததை நினைக்கையில், இந்தத் தொகை சற்றுக் கசக்கவே செய்யும்.

கோடிகளின் கணக்கைவிட நமக்குப் பயன்படக்கூடியது அவரது கல்வியின் கதை. ஐரோப்பியப் பாடம் என்பதால் உடற்கூற்றை அவர் வெறுக்கவில்லை. பாரீஸில் கற்றோம் என்பதற்காக இங்குள்ளவர்களின் உடலை அந்த அச்சில் வார்க்கவும் இல்லை. அந்நியமானது எதுவும் வேண்டாம் என்போரும், அந்நியமானதே உயர்ந்தது என்போரும் இன்றும் நம்மிடையே வாதிட்டுக்கொண்டிருக்கின்றனர். அந்த வாதத்துக்கு இடையே, கற்றதைச் சோதித்துப் பார்த்து, தேவையற்றதைக் கழித்துக்கொண்டே சென்ற ஏழாண்டுப் பணி ஒன்று ஜெய்ப்பூர் இல்லத்தின் சுவர்களில் இருக்கிறது. தில்லிக்கு வரும் தமிழர்கள் இந்தியா கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும் முன், சற்று நடந்து சென்று அதையும் பார்க்கலாம்.